சம்பந்தி கொண்டுவரும் படம்

தம்பி,

போன் எடுத்தால் நீ இரண்டாவது வார்த்தையில் சூடாகிவிடுவாய், மூன்றாவது வார்த்தையில் நானும் சூடாகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். தபால் கந்தோரில் இருபத்தேழு வருடம் மற்றவர்களுடைய கடிதங்களுக்கு முத்திரை குத்தினேன், பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத இப்போதுதான் வாய்த்திருக்கிறது. இதைத் தபாலில் போட்டால் உன் கலியாணம் முடிந்த பிறகுதான் ஜப்பானுக்கு வந்து சேரும் என்பது என்னைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆகையால் எழுதி முடித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பப் போகிறேன். எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார். நடுவில் கோபம் வந்தால் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாசி. ஆனால் கடைசிவரை வாசி.

நாங்கள் கதைத்து இன்றைக்குப் பதினெட்டு நாள். ஆவணியில் நாள் வைத்து, இங்கே சரவணையில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டு உன் கலியாணத்தைச் செய்வதென்று எல்லாம் பேசி முடித்திருந்தோம். ஹருனாவும் அவளுடைய அம்மாவும் விமானச் சீட்டுக்கூட எடுத்துவிட்டார்கள். ஐயருக்கும் சொல்லியாயிற்று. அன்றைக்கு நீ, பந்தலுக்கு எத்தனை கதிரை வேண்டும் என்று கேட்கிற குரலில்தான், ஹருனாவின் அம்மா ஒரு படம் கொண்டுவருவா, அதை மணவறைக்கு முன்னால் ஒரு கதிரையில் வைக்க வேண்டும் என்றாய்.

"ஆற்றை படம்?" என்று கேட்டேன்.

"ஹருனான்ரை அப்பான்ரை. அவர் செத்து ஆறு வருசம். இஞ்சை அப்பிடித்தான் அம்மா. தாயோ தேப்பனோ இல்லாட்டி, அவை இருக்கவேண்டிய கதிரையிலை அவையின்ரை படத்தை வைப்பினம்."

"செத்த ஆளின்ரை படத்தை மணவறைக்கு முன்னாலை வைக்கிறதோ? உனக்கென்ன விசரே? நான் உயிரோடை இருக்குமட்டும் அது ஏலாது."

நீ இன்னும் ஏதோ சொல்ல வந்தாய். நான் விடவில்லை. ஊர், சனம், சாத்திரம், அபசகுனம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன். கடைசியில் நீ, "அப்ப நாங்கள் இஞ்சை கந்தோரிலையே கலியாணத்தை எழுதுறம். நீங்கள் ஒருத்தரும் கரைச்சல்படத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தாய். பிறகு வந்ததெல்லாம் "மருந்து போட்டீங்களா" என்ற ஒற்றை வரிதான். நானும் வீம்புக்கு "ஓம்" என்று மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் இரண்டு நாள் மருந்து போடவில்லை.

அந்த நாட்களில் எனக்கு உன்மேல் வந்ததைவிடக் கூடக் கோபம் வந்தது அந்தக் கார்ட்டூன்களின் மேல். எல்லாம் அங்கேதானே தொடங்கியது. சண்டை முடிந்து எங்கள் ஒழுங்கைக்குக் கேபிள் வந்த வருடம் உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிடுவாய். சென்னையில் யாரோ தமிழில் குரல் கொடுத்த ஜப்பான் கார்ட்டூன்கள். ஒருவன் பந்தை அடிப்பதற்கு முன் மூன்று நாள் யோசிப்பான். இன்னொருவன் தான் அடிக்கப்போகிற அடியின் பெயரை எதிரிக்குக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பான். ஜப்பான் உனக்கு முதன்முதலில் தந்தது சென்னைத் தமிழ். "பசிக்குதும்மா, ஏதாச்சும் பண்ணிக் குடுங்கம்மா" என்று நீ குசினி வாசலில் வந்து நிற்க, "பண்ணுறதெண்டா என்னடா? வாயைத் திறந்து ஒழுங்காய்க் கதை, பிறகு சோறு தாறன்" என்று நான் அகப்பையோடு நிற்பேன். ஒழுங்கையில் விளையாடிய பொடியள் எல்லோரும் அப்படித்தான் கதைத்தீர்கள். மண்டைதீவு தாண்டி எங்கள் தீவுப் பக்கம் இப்படி ஒரு தமிழ் வரும் என்று நான் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

அப்பா மட்டும் உன்னோடு சேர்ந்து இருந்து பார்ப்பார். குருநாகலில் இருபது வருடம் கடை நடத்திவிட்டு, நெஞ்சு நோ வந்து ஊரோடு வந்து இருந்த காலம் அது. "இஞ்சை பாரும், இவையும் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் வீட்டுக்குள்ளை வருகினம். சோறும் மீனும்தான் தின்னுகினம். கோயிலிலை மணி அடிச்சுக் கும்பிடுகினம். எங்கடை ஆக்கள்தான்" என்பார். "எங்கடை ஆக்களுக்கு எங்கை நீலத் தலைமயிர்?" என்று நான் கேட்பேன். நீங்கள் இருவரும் என்னைப் பார்த்து, இவவுக்கு எங்கே விளங்கப்போகிறது என்ற மாதிரிச் சிரிப்பீர்கள்.

அப்பா அப்போது உனக்குச் சொன்ன ஒரு கதை ஞாபகம் இருக்கிறதா? குருநாகலில் பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியின் தாய் செத்துப்போனா. அப்பா செத்த வீட்டுக்குப் போனார். அங்கே வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பார்களாம். செத்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்து, தலை தோய்ந்துவிட்டுத்தான் எதையும் தொடுகிற எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அப்பா, "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டிவிட்டு எழும்பி வந்துவிட்டார். மரியாதையாக நடந்துகொண்டதாகத்தான் அவருக்கு நினைப்பு. அந்த மனிசன் நாலு மாதம் அப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் தாயின் பேரில் கொடுத்த சோற்றைத் தமிழன் அருவருத்துவிட்டான் என்று அவருக்கு மனம் நொந்துபோயிற்று. ஒரே வரிசையில் இரண்டு கடை, தினமும் இரண்டு பாசையிலும் பகிடி விட்டவர்கள். "பாசை தெரிஞ்சது, பாட்டுத் தெரிஞ்சது, அவையின்ரை படமெல்லாம் பாத்தனான். ஆனா அந்தச் சோத்தை ஏன் தருகினம் எண்டு நான் ஒரு நாளும் கேக்கேல்லை" என்று அப்பா சொல்லுவார். நான் அந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அதை எனக்கென்று எடுத்துக்கொண்டதில்லை.

அப்பா போகும்போது உனக்குப் பதினாலு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் எல்லோரும் போன பிறகு, பின்னேரங்களில் நீ ஒரு வேலை செய்தாய். அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்து, அதில் ஒரு கோப்பை பால் விடாத பிளேன்ரீ வைப்பாய். சாமியறையில் இருந்த சின்ன மணியை எடுத்து ஒருமுறை அடிப்பாய். பிறகு இருந்து, "அப்பா, இண்டைக்குக் கணக்கிலை எழுவத்தொண்டு" என்று கதை சொல்லத் தொடங்குவாய். இது எங்கே பழகினாய் என்று கேட்டதற்கு, கார்ட்டூனில் அவர்கள் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள் என்றாய். ஒரு நாள் சுருவிலில் இருந்து வந்த பெரியப்பா இதைப் பார்த்துவிட்டு, "போற ஆளைப் போகவிடோணும். நெடுகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா அது நல்லதில்லை" என்று என்னிடம் சொன்னார். அடுத்த நாள் நீ வைத்த பிளேன்ரீயை நான் கொண்டுபோய் முருங்கை அடியில் ஊற்றினேன். மணியைச் சாமியறையில் உயரத்தில் வைத்தேன். திவசத்துக்குத் திவசம் படைக்கிறோம்தானே, அது போதும் என்றேன்.  நீ அழவில்லை. அதன் பிறகு என் முன்னால் அப்பாவைப் பற்றிக் கதைக்கவும் இல்லை.

இவ்வளவு நாளும் அதைப் பெரியப்பாவின் தலையில் போட்டு வைத்திருந்தேன். அது பொய். அவர் சொல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன். பள்ளிக்கூடத்துப் புதினமெல்லாம் நீ அந்தப் படத்துக்குச் சொன்னாய், குசினிக்குள் நின்ற எனக்குச் சொல்லவில்லை. செத்துப்போன மனிசனோடு எனக்குப் பொறாமை, தம்பி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ கலியாணம் கட்டப்போகிற ஆள், பெற்றவர்களும் இப்படிச் சின்னத்தனமாக நடப்பார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

அடுத்த இரண்டு வருடத்தில் அக்காவின் கலியாணம். அவளுக்குப் பாலறுகு வைக்கிற நேரம், பலகையில் அவளை இருத்தி, ஒவ்வொரு சுமங்கலியாக வந்து பாலும் அறுகம்புல்லும் தலையில் வைக்க, நான் குசினியில் பலகாரத் தட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானேதான் போய் நின்றேன். யாராவது முகம் சுழித்துச் சொல்வதற்கு முன் நானே ஒதுங்கிவிட்டால் மரியாதை என்று ஒரு கணக்கு. நீ புது வேட்டியோடு வந்து என் கையைப் பிடித்து, "அம்மா, அக்கா உங்களைத் தேடுறா, வாங்கோ" என்று இழுத்தாய். "போடா, சனம் பாக்குது" என்று உன் கையைத் தட்டிவிட்டேன். தாரை வார்க்கவும் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் நின்றார்கள். தாலி கட்டிய மேளச் சத்தம் எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டது.

பிறகு நீ போனில் ஜப்பான் பாசையிலேயே கார்ட்டூன் பார்த்து, எழுதிப் பழகி, சோதினை பாஸ் பண்ணி, முதியோர் இல்லத்து வேலைக்கென்று போனாய். அங்கே எல்லோரும் உன்னோடு அந்தக் கதைகளையே கதைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவன் நீ. போன முதல் மாதம் எடுத்து, "அம்மா, இவை ஒருத்தரும் அதைப் பாக்கிறேல்லை. கேட்டா, சின்னனிலை பாத்தது எண்டு சொல்லிப்போட்டுப் போகினம். வேலை, வீடு, வேலை" என்றாய். உன் குரல் அப்படி இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஹருனாவைப் பற்றி முதன்முதல் சொன்னபோதும், "அந்த இல்லத்திலை சமைக்கிற பிள்ளை, கார்ட்டூனே பிடிக்காதாம், பேஸ்போல் மட்டும்தான் பாப்பாவாம்" என்று குறையாகத்தான் சொன்னாய். பிறகு அந்தக் குறை எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. அவள் கிழவர்களுக்கு மீனில் முள் எடுக்கிற விதத்தை ஒரு மணித்தியாலம் எனக்கு விளக்கினாய். அப்போதே எனக்குக் காரியம் விளங்கிவிட்டது.

அவர்களும் எங்களைச் சினிமாப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். ஹருனாவின் அம்மா இளவயதில் தியேட்டரில் ஒரு தமிழ்ப் படம் பார்த்தவவாம். உங்கள் ஊரில் ஆட்கள் ரோட்டில் திடீரென்று வரிசையாக நின்று ஆடுவார்களா என்று உன்னைக் கேட்டாவாம். அந்த முதல் வீடியோ அழைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கார்ட்டூனில் பார்த்த ஞாபகத்தில் நான் இடுப்பு வரை குனிந்தேன். அவ படத்தில் பார்த்த ஞாபகத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டா. நான் நிமிர்ந்தபோது திரையில் அவவின் முழங்கை மட்டும் தெரிந்தது. அவவுக்கு அதுவரை தெரிந்தது என் கொண்டைதான். அவ உடனே குனிய, நான் உடனே கும்பிட, நீ அங்கே விழுந்து விழுந்து சிரித்தாய். நல்ல மனிசி என்று அன்றைக்கே நினைத்தேன். ஒருவருக்கொருவர் விளங்கிவிட்டதென்றும் நினைத்தேன். அதுதான் பிழை. குனிந்ததும் கும்பிட்டதும் ஆசையில் செய்தது. அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது, அதை அவர்கள் எப்படிச் சுமக்கிறார்கள் என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இனி உனக்குத் தெரியாத விசயத்துக்கு வருகிறேன். நீ போனை வைத்த பதினோராம் நாள், காலைச் சமையலை முடித்துவிட்டு நான் ஹருனாவுக்கு எடுத்தேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்தான், அந்தப் பிள்ளையைக் கோபிக்காதே. சமாதானம் பேச எடுத்தேன் என்று நினைத்துவிடாதே. உன்னை விலத்தி நேரே அவர்களிடமே, அந்தப் படத்தைக் கொண்டுவர வேண்டாம் என்று நயமாகக் கேட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். அவளுக்கு அன்று லீவு, தாய் வீட்டில் நின்றாள். "மாமி, சாப்பிட்டீங்களோ?" என்றாள். நீ பழக்கியதாக்கும். பிறகு பாசை மாற்றிச் சொல்கிற இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்தார்கள். நான் எங்கள் தமிழில், "எங்கடை ஊரிலை செத்த ஆக்களின்ரை படத்தை மணவறையடியிலை வைக்கிறேல்லை" என்றேன். அது என்ன சொன்னதோ, தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்து முழித்தார்கள். மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், நீ கதைத்ததற்கு நான் அகப்பையால் மிரட்டிய அதே சென்னைத் தமிழில், "எங்க ஊர்ல கல்யாணத்துல இறந்தவங்க போட்டோ வைக்க மாட்டாங்க" என்றேன். உடனே விளங்கிவிட்டது. நீ கேட்டிருந்தால் ஒரு மாதத்துக்குச் சிரித்திருப்பாய்.

சம்பந்தியம்மா கோபிக்கவில்லை.  அவ சொன்னதை அந்தப் போன் எனக்குச் சொன்னது: "உங்கள் கணவருக்கும் நாற்காலி வேண்டாமா?" எனக்கு விளங்கவில்லை. அவ எழும்பிப் போய் இரண்டு சின்ன மெத்தைகளைக் கொண்டுவந்து காட்டினா. ஒரே நீலத் துணியில் உறை தைத்திருந்தா. ஒன்றில் கை வைத்துத் தன்னைக் காட்டினா. மற்றதில் கை வைத்து என்னைக் காட்டினா. ஹருனா பிறகு ஆறுதலாக விளக்கினாள். தொடக்கத்திலிருந்தே அவர்கள் உன்னிடம் சொன்னது இரண்டு கதிரையாம். இரண்டு தகப்பன்மாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமாம். நீ அன்றைக்கு இன்னும் ஏதோ சொல்ல வந்தாயே, அதுதான் அது. நான் கத்தின கத்தலில் உன் தகப்பனுக்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். உன் அப்பாவுக்கு இருக்க ஒரு மெத்தை தைக்க வேண்டும் என்று, அவரைக் கண்ணால் காணாத ஒரு மனிசிக்குத் தோன்றியிருக்கிறது.

நான் அழுது முடியும்வரை அவ அந்த மெத்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தா. பிறகு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்தா. எங்கள் ஊர் முறைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கினா. எந்த நிறம் உடுக்கக்கூடாது, எந்தக் கையால் வாங்க வேண்டும், எப்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்று. அப்படியே, தாலி கட்டும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று கேட்டா. நான் உள்ளே நிற்பேன் என்றேன். ஏன் என்று கேட்டா. புருசன் இல்லாதவர்கள் முன்னுக்கு நிற்பதில்லை என்றேன். அவ அதையும் எழுதிக்கொண்டா. எழுதிவிட்டு நிமிர்ந்து, "அப்படியென்றால் நானும் உள்ளேதான் நிற்க வேண்டுமா?" என்று கேட்டா.

குத்திக்காட்டக் கேட்கவில்லை, தம்பி. உண்மையாகத்தான் கேட்டா. நான் ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிசி அதையும் கொப்பியில் எழுதி, அதன்படி வந்து குசினிக்குள் நின்றிருக்கும். இருக்கிற ஒரே பிள்ளையைக் கைப்பிடித்துக் கொடுக்கக் கடல் தாண்டி வருகிறவ. எனக்கென்று நான் வைத்திருந்த சட்டத்தை இன்னொரு பெண்ணுக்குச் சொல்ல என் வாய் வரவில்லை. "இல்லை, நீங்க முன்னாடி நில்லுங்க" என்றேன். "நீங்கள்?" என்று கேட்டா. "நானும்" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. 

அடுத்த நாளே ஐயரைக் கேட்டுவிட்டு, பஸ் பிடித்துச் சுருவிலுக்குப் போனேன். ஆட்களை விட்டுச் சொல்வதைவிட நேரே சொல்வது நல்லது. பெரியப்பா முற்றத்தில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், தம்பியின்ரை கலியாணத்துக்கு மணவறைக்கு முன்னாலை ரெண்டு கதிரை போடப்போறன். ஒண்டு பொம்பிளையின்ரை தேப்பனுக்கு. மற்றது உங்கடை தம்பிக்கு. பாலறுகும் நான்தான் வைக்கப்போறன்."

"ஊரிலை ஆரும் இப்பிடிச் செய்திருக்கினமோ?"

"இல்லை."

"ஐயர் என்ன சொல்லுறார்?"

"கதிரை போடச் சொல்லிச் சாத்திரத்திலை இல்லையாம். போடவேண்டாம் எண்டும் இல்லையாம்."

அவர் பேப்பரை மடித்தார், திரும்ப விரித்தார். பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா, குடித்தேன். அவர் பேப்பரை விட்டு நிமிரவில்லை. சரி, இந்த மனிசன் கலியாணத்துக்கு வரமாட்டார் என்று முடிவுகட்டிக்கொண்டு எழும்பிப் படலையடிக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து, "அந்தக் கதிரையை எனக்குப் பக்கத்திலை போடச் சொல்லு. இல்லாட்டி ஆரும் வந்து டக்கெண்டு இருந்திடுவினம்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் அழுதுகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், அவருக்கு அது பிடிக்காது.

வவுனியாவுக்கு எடுத்து அக்காவுக்கும் சொன்னேன். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள், "என்ரை கலியாண அல்பத்திலை நீங்கள் ஒரு படத்திலையும் இல்லை அம்மா. தம்பிக்காகச் செய்யிறதை எனக்கு ஏன் செய்யேல்லை?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அப்போது என்னை யாரும் இப்படிக் கேட்கவில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் நீ கையைப் பிடித்து இழுத்தாயே, கேட்டாயே. மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன். பெற்ற பிள்ளையிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல்தரம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாலறுகு வைக்கேக்கை முதல் ஆள் நீங்கள். நான் முன்னுக்கு நிண்டு படம் எடுப்பன், அசையக்கூடாது" என்றாள். அவள் மனம் ஆறிவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். அதற்கு இன்னும் காலம் எடுக்கும்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது கொஞ்சம் குறைவுதான், என்றாலும் சொல்கிறேன். அந்தக் கார்ட்டூன்களை நான் இனித் திட்டப்போவதில்லை. அவற்றைப் பார்க்காவிட்டால் அந்த ஊர் உனக்கு வரைபடத்தில் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். ஆசை அங்கேதான் வந்தது. ஆனால் ஆசைப்பட்ட ஊர் வேறு, ஹருனா வேறு. அவள் கோபம் வந்தால் கத்துவாளா, பேசாமல் இருப்பாளா? காய்ச்சல் வந்தால் அவளுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? தகப்பன் செத்த நாளில் வேலைக்குப் போவாளா, வீட்டில் இருப்பாளா? இதெல்லாம் ஒரு கார்ட்டூனிலும் வராது, அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இரு. உன் தாய்க்கு வராத பழக்கம் அது, நீயாவது பழகு. அவளும் உன்னை அந்தத் தமிழ்ப் படத்து ஆளாக நினைத்து எதையாவது எதிர்பார்த்தால் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொடு, முறைக்காதே. முறைப்பது உங்கள் பரம்பரைக் குணம், எனக்குத் தெரியும். இன்னொன்று. உங்கள் வீட்டில் நீ அப்பாவுக்குப் பிளேன்ரீ வைக்க விரும்பினால் வை. மணியும் அடி. என்னிடம் கேட்கத் தேவையில்லை.

கந்தோரில் எழுதுவதென்றால் எழுதுங்கள், அது சட்டத்துக்கு வேண்டியதுதான். ஆனால் ஆவணியில் இங்கே வாருங்கள். நீ, ஹருனா, சம்பந்தியம்மா, அந்தப் படத்தில் இருக்கிற மனிசன், நாலு பேரும் வரவேண்டும். அவரைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கையிலேயே கொண்டுவரச் சொல்லு, கண்ணாடி உடைந்துவிடும்.

ஒரு விசயம்தான் மிச்சம். சம்பந்தியம்மா தன் புருசனின் படத்தை எனக்குக் காட்டினா. தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு முழ நீள மீனைத் தூக்கிப் பிடித்தபடி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். உங்களிடமும் சிரிக்கிற படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டா. அலுமாரி முழுவதும் கிளறிவிட்டேன். அடையாள அட்டைக்கு எடுத்ததில் முறைக்கிறார். அதைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருப்பதால் இன்னும் பெரிதாக முறைக்கிறார். எங்கள் கலியாணப் படத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டு படம் எடுக்கிறவனை முறைக்கிறார். உன் பழைய போனில் ஏதாவது இருந்தால் தேடிப்பார். இல்லாவிட்டால் பரவாயில்லை, சுவரில் இருப்பதையே துடைத்து அந்த நீல மெத்தையில் வைக்கிறேன். உயிரோடு இருந்திருந்தாலும் உன் கலியாணத்தன்று முன் கதிரையில் இருந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, எல்லோரையும் இப்படி முறைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அம்மா